பழைய பிக்கப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்று இருபது முப்பது வருஷம் ஓடிவிட்டால் ஸ்டீயரிங்கில் ஆட்டம், அதாவது வீலைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத வெற்று அசைவு, வராமல் இருக்காது. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் யோசனை, "பாக்ஸ் தலையில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைக் கொஞ்சம் முறுக்கிப் பாரு" என்பதுதான். பாக்ஸ் என்பது ஸ்டீயரிங் வீலின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி. ஸ்க்ரூவை முறுக்கியும் சரியாகவில்லை என்றால் "பாக்ஸையே மாத்திடு" என்பார்கள். முதல் வேலைக்குக் காசே வேண்டாம். இரண்டாவது, இருப்பதிலேயே அதிகம் காசு பிடிக்கிற வேலை. இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன. பெரும்பாலான வண்டிகளின் ஆட்டம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஸ்டீயரிங் வீலின் விட்டம் 380 மில்லிமீட்டர், பாக்ஸின் விகிதம் 16-க்கு 1, பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் பிட்மேன் ஆர்மின் நீளம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை வண்டிகளில் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். பாக்ஸுக்குக் கீழே ஒரு பால் ஜாயிண்டில் (கிண்ணத்துக்குள் குண்டு அசையும் மூட்டில்) 1 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், அந்த இடைவெளியைக் கடக்க பிட்மேன் ஆர்ம் 0.4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சும்மா திரும்ப வேண்டும். அது பாக்ஸைத் தாண்டி மேலே வரும்போது 16 மடங்காகி 6 டிகிரி ஆகிவிடுகிறது. கையில், வீலின் விளிம்பில், 20 மில்லிமீட்டர் ஆட்டம்! டொயோட்டாவின் பழைய சர்வீஸ் புத்தகங்கள் விளிம்பில் அதிகபட்சம் 30 மில்லிமீட்டர் வரைதான் அனுமதிக்கின்றன. அரை மில்லிமீட்டர் தேய்ந்த மூட்டுகள் மூன்று வரிசையாக இருந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம்.

பாக்ஸுக்கு மேலே, ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் ரப்பர் மூட்டு 1 டிகிரி தளர்ந்தால் விளிம்பில் தெரிவது 3.3 மில்லிமீட்டர் மட்டுமே. அங்கே பெருக்கல் கிடையாது. ஆகவே காசு போடும் முன் கேட்க வேண்டியது, ஆட்டம் பாக்ஸுக்கு மேலேயா, பாக்ஸுக்குள்ளேயா, கீழேயா என்பதுதான்.

ஆட்டம் எங்கே என்று பிடிப்பது

இதற்கு ஆள் இரண்டு பேர் வேண்டும், கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி போட வேண்டாம். சக்கரங்கள் தரையில் அழுந்தி நின்றால்தான் மூட்டுகளில் சுமை ஏறி ஆட்டம் தெரியும். பவர் ஸ்டீயரிங் என்றால் இஞ்சினை ஓட விடுங்கள். அந்த பாக்ஸின் வால்வுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது. இஞ்சின் ஓடாதபோது வீலைத் திருப்பினால் முதலில் அந்தக் கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்ளும். அதை ஆட்டம் என்று நினைத்து பாக்ஸை மாற்றியவர்கள் உண்டு.

ஒருவர் வீலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சின்னதாக, ஆட்டம் தீரும் அளவுக்கு மட்டும், விடாமல் ஆட்ட வேண்டும். இன்னொருவர் சக்கரங்களின் பாதையில் படுக்காமல் பக்கவாட்டிலிருந்து கையை உள்ளே விட்டு ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணைவிட விரல் நம்பகமானது. விரல் நுனியின் பாதி, முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடின் முனை மூட்டான டை ராட் எண்டின் கூட்டிலும் பாதி அது உட்காரும் ஆர்மிலும் படும்படி வையுங்கள். மூட்டு நல்லதாக இருந்தால் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்திருந்தால் ஒன்று கிளம்பி, ஒரு நொடி கழித்து மற்றது கிளம்புவது விரலில் 'டிக்' என்று தட்டும். அரை மில்லிமீட்டரைக்கூட விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மேலிருந்து கீழே வரிசையாகப் போங்கள். ஸ்டீயரிங் தண்டு திரும்பி, அதோடு இணையும் பாக்ஸின் உள்தண்டு பின்தங்கினால் கோளாறு ரப்பர் மூட்டில். உள்தண்டு திரும்பியும் பிட்மேன் ஆர்ம் சும்மா நின்றால் பாக்ஸில். ஆர்ம் நகர்ந்தும் சக்கரம் நகராவிட்டால் மூட்டுகளில். பாக்ஸே சேசிஸில் அசைகிறது என்றால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சேசிஸில் விரிசல். எல்லாம் ஒழுங்காக நகர்ந்தும் ஆக்சில் மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்கிறதா? அப்படியானால் ஸ்பிரிங் பட்டையின் புஷ்ஷையோ, காயில் ஸ்பிரிங் வண்டியானால் ஆக்சிலைக் குறுக்கே பிடித்திருக்கும் டிராக் பாரையோ பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் கீழே படிப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஸ்க்ரூவை முறுக்குவது

இந்த பாக்ஸ்களுக்குள் ஒரு திருகுத் தண்டு, அதன்மேல் எஃகுக் குண்டுகளில் ஓடும் ஒரு நட்டு, அந்த நட்டின் பற்களில் கடித்து நின்று பிட்மேன் ஆர்மைத் திருப்பும் செக்டர் தண்டு. மேலே இருக்கும் ஸ்க்ரூ அந்தச் செக்டர் தண்டை நட்டின் பற்களுக்குள் நெருக்குகிறது. தயாரிக்கும்போதே பற்களை, நடு இடத்தில் இறுக்கமாகவும் இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் இடைவெளியோடும் அமைத்திருப்பார்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தேய்வதும் அந்த நடு இடம்தான்.

இப்போது சிக்கல் புரியும். நடுவில் தேய்ந்ததை ஈடுகட்ட ஸ்க்ரூவை முறுக்கினால், தேயாத ஓரங்கள் முன்பைவிட இறுகிவிடும். நேராகப் போகும்போது நன்றாக இருக்கும். ஒரு வளைவில் திரும்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் வீல் தானாக நடுவுக்கு வராது. ஆட்டத்தைவிட இது ஆபத்தானது. இன்னும் முறுக்கினால் குண்டுகளும் அவை ஓடும் பாதையும் குழிவிழுந்து, சரிசெய்யக்கூடிய பாக்ஸ் குப்பைக்குப் போய்விடும்.

அதற்காக இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாக்ஸுக்குள்தான் ஆட்டம் என்று உறுதியாகி, அதுவும் கொஞ்சமாக இருந்தால் இதுதான் முதல் வழி. சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், பிட்மேன் ஆர்மிலிருந்து சக்கரப் பக்கம் போகும் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று முறுக்கி, ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்கும் சிக்கக் கூடாது. அப்புறம் மெதுவாக ஓட்டி, வளைவுக்குப் பின் வீல் தானே திரும்புகிறதா என்று பாருங்கள். மொத்தமாக அரைச் சுற்றைத் தாண்டியும் நடுவில் ஆட்டம் போகவில்லை என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஸ்க்ரூவுக்கு முன்னால் சரிசெய்ய வேண்டிய இன்னொரு இடமும் உண்டு. வீலை ஆட்டும்போது பாக்ஸின் உள்தண்டு திரும்புவதோடு முன்னும் பின்னும் நகர்ந்தால், திருகுத் தண்டின் பேரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள். சில பாக்ஸில் அதை ஷிம் எனும் மெல்லிய தகட்டை எடுத்தும், சிலவற்றில் உள்தண்டைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகியும் இறுக்குவார்கள். அதைச் செய்யாமல் மேல் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் பலன் இல்லை.

மூட்டுகளை மாற்றுவது

காசுக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. டை ராட் எண்டு, டிராக் லிங்க் எண்டு எல்லாம் விலை குறைந்த பாகங்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையும்கூட.

எத்தனை மூட்டு என்பது வண்டியைப் பொறுத்தது. 1948 முதல் 1985 வரை வந்த லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆறு பால் ஜாயிண்ட், போதாததற்கு முன் கிராஸ் மெம்பருக்குள் (சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்குள்) அசைவைக் கடத்தும் ஒரு ரிலே. மேலே போட்ட கணக்கை அங்கே பொருத்திப் பாருங்கள்! 1979-ல் வந்த முதல் ஃபோர் வீல் டிரைவ் ஹைலக்ஸில் டிராக் லிங்க்கின் முனைகளுக்குள் ஸ்பிரிங்கும் குழிக் கிண்ணங்களும் இருக்கும். ஸ்பிளிட் பின்னை எடுத்து முனை அடைப்பானைத் திருகினாலே இறுகிவிடும், தேய்ந்த கிண்ணத்தை மட்டும் மாற்றவும் முடியும். அதைக் கடைசிவரை இறுக்கி அப்படியே விடக் கூடாது, புத்தகம் சொல்லும் அளவு திருப்பித் தளர்த்த வேண்டும். தனி முன் சஸ்பென்ஷன் கொண்ட பிக்கப்களில் முதலில் பார்க்க வேண்டியது, லிங்க்கின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம். அதன் புஷ் தேய்ந்தால் லிங்க் ஒரு பக்கம் மேலும் கீழுமாக ஆடும்.

ஒன்றை மட்டும் மாற்றுவதா, எல்லாவற்றையுமா? ஒரே வயதுள்ள மூட்டுகளில் ஒன்று போனால் மற்றவை பின்னாலேயே வரும். தவிர, ஒவ்வொரு முறையும் அலைன்மெண்ட் செய்தாக வேண்டும். அந்தச் செலவைக் கூட்டினால் ஒன்றொன்றாக மாற்றுவதுதான் அதிகமாகிவிடும். மொத்தமாக மாற்றுங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ளதா, மூடிய வகையா என்றால், மண்ணிலும் தண்ணீரிலும் இறங்குகிற வண்டிக்கு நிப்பிள் உள்ளதே மேல். ஆனால் அது கிரீஸ் அடிக்கிறவர்களுக்கு மட்டும்தான். அடிக்க மாட்டேன் என்பவர் நல்ல தயாரிப்பாளரின் மூடிய வகையை வாங்கிக்கொள்ளலாம்.

கழற்றும்போது கவட்டைக் கருவியை அடித்துச் செருகினால் ரப்பர் கிழிந்துபோகும். பழையதைத் தூக்கி எறியத்தான் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. இல்லாவிட்டால் நட்டை ஓரிரு சுற்று மட்டும் தளர்த்தி, ஆர்மின் கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி கொடுங்கள், கூம்புப் பிடி விட்டுவிடும். பழைய ராடின் நீளத்தை மூட்டு மையத்திலிருந்து மூட்டு மையம் வரை அளந்து வைத்துக்கொண்டு புதியதை அதே அளவுக்கு வையுங்கள். ஒரு முனையில் இடது மரை இருக்கும். ஸ்பிளிட் பின் துளை சேராவிட்டால் நட்டைத் தளர்த்திச் சேர்க்கக் கூடாது, இறுக்கித்தான் சேர்க்க வேண்டும்.

பாக்ஸ்: ரிப்பேர், பழையது, புதியது

மூட்டெல்லாம் சரி, ஸ்க்ரூவும் பலிக்கவில்லை. அல்லது பிட்மேன் ஆர்மைப் பிடித்து ஆட்டினால் செக்டர் தண்டே பக்கவாட்டில் அசைகிறது. அந்தத் தண்டின் புஷ்ஷோ பேரிங்கோ போய்விட்டது, ஆயில் சீல் ஒழுகலும் கூடவே வரும். இதற்கு ஸ்க்ரூ மருந்தாகாது.

நான் முதலில் பார்ப்பது, இருக்கிற பாக்ஸைக் கழற்றி நல்ல பட்டறையில் ரிப்பேர் செய்வதைத்தான். வண்டியோடு வந்த பாக்ஸ் என்பதால் ஹோஸ் இணைப்பு, தண்டின் பற்கள், விகிதம் எதிலும் குழப்பம் வராது. தேர்ந்த கைகள் உள்ளே இருக்கும் குண்டுகளை எடுத்துவிட்டு, மயிரிழை பெரிய குண்டுகளைத் தேர்ந்து போட்டுத் திருகுத் தண்டின் ஆட்டத்தை எடுத்துவிடும். குண்டு ஓடும் பாதை குழிவிழுந்திருந்தால் மட்டும் இது நடக்காது.

ரிப்பேர் செய்து மாற்றுக்குக் கொடுக்கும் பாக்ஸ் வேகமான வழி, காலையில் கழற்றி மாலையில் ஓட்டிவிடலாம். பிரச்சினை, உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாது. சீலை மாற்றிப் பெயிண்ட் அடித்ததையும் ரிப்பேர் என்றுதான் சொல்வார்கள். கழித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பாக்ஸிலும் இதே சந்தேகம். இரண்டையும் வாங்கும் முன் மேஜையில் வைத்தே சோதித்துவிடலாம். உள்தண்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணிக்கொண்டே திருப்பி, அதில் சரிபாதிக்கு வாருங்கள். அந்த நடு இடத்தில் லேசான இறுக்கம் கையில் தெரிய வேண்டும். ஓரங்களில் அது மறைய வேண்டும். நடுவில் வழுக்கிக்கொண்டு போனால், அது உங்கள் வண்டியில் இருப்பதைப் போன்ற இன்னொரு தேய்ந்த பாக்ஸ், அவ்வளவுதான்.

புது பாக்ஸ் கிடைத்தால், கையில் காசும் இருந்தால், யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் ஹோஸ் மரை மாறியிருக்கலாம். பழைய பாக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். எந்த பாக்ஸானாலும் பிட்மேன் ஆர்மைக் கழற்ற அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் அடி முழுவதும் பாக்ஸின் உள்ளே போகும்.

ஸ்டீயரிங் தண்டின் ரப்பர் மூட்டு

துணியும் ரப்பரும் சேர்த்த வட்டு இது. எண்ணெய் ஒழுகி ஊறிப்போனால் பிய்ந்துவிடும். மாற்று கிட் சுலபமாகப் போட்டுக்கொள்ளலாம். இதற்குப் பதிலாக யுனிவர்சல் ஜாயிண்ட் உள்ள தண்டு போடுகிறவர்கள் உண்டு. ஆட்டம் சுத்தமாகப் போகும், பதிலுக்கு ரோட்டின் அதிர்வு கைக்கு நேராக வரும். தினமும் தார்ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரப்பரே போதும்.

அடித்தளம்

பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேசிஸ் விரிசல் விட்டிருந்தால் மேலே சொன்ன எல்லா வேலையும் வீண். ஜெனரல் மோட்டார்ஸின் 1973 முதல் 1987 வரை வந்த ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்களில் இது பேர்போன கோளாறு. பெரிய டயர் போட்டுக் கரடுமுரடில் ஓட்டினால் பாக்ஸ் போல்ட்டுகளைச் சுற்றிச் சேசிஸ் பிளக்கத் தொடங்கும். கம்பி பிரஷ்ஷால் மண்ணும் துருவும் போகத் தேய்த்துவிட்டு, ஒருவர் வீலை ஆட்ட, டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் திறந்து மூடுவது தெரியும். இதற்கு விரிசல் முனையில் துளையிட்டு, வெல்டு வைத்து, அந்த இடத்துக்கென்று செய்த தகட்டைப் பொருத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவோ தள்ளிப்போடவோ இடமில்லை.

ஸ்பிரிங் புஷ், ஷேக்கிள், யூ போல்ட் எல்லாம் மலிவு, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். 1994-க்குப் பிறகு வந்த காயில் ஸ்பிரிங் டாட்ஜ் ராம் போன்றவற்றில் டிராக் பாரின் மூட்டு போனால் ஆக்சில் இடம்வலம் நகரும், ஓட்டுபவருக்கு அது ஸ்டீயரிங் லூஸ் போலவே தெரியும்.

நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) வீல் பேரிங்கும் மிச்சம். இப்போது ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரைக் கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் நக்கிள் திரும்பும் அச்சான கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். பழைய டொயோட்டா, லேண்ட் ரோவர் போன்றவற்றில் நக்கிளின் மேலும் கீழும் உள்ள பேரிங்குகளை ஷிம் வைத்து இறுக்கி, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து அளவு வைப்பார்கள். அழுக்கான வேலை, பொறுமையும் வேண்டும். ஆனால் சீல், பேரிங் மாற்றி ஒழுங்காகச் செய்துவிட்டால் வருஷக்கணக்கில் தொட வேண்டியதில்லை.

ஆட்டமே இல்லாத ஆட்டம்

எல்லா மூட்டும் கெட்டியாக இருந்தும் வண்டி அலைகிறது என்றால் தேய்மானத்தைத் தேடிப் பயனில்லை. வண்டியை உயர்த்தும்போது கேஸ்டர், அதாவது நக்கிள் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்திருக்கலாம். முன் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்து அதைத் திருப்பலாம், ஆனால் அந்தத் திருப்பம் டிஃபரன்ஷியலின் மூக்கைக் கீழே இறக்கி முன் புரொப்பெல்லர் தண்டின் மூட்டுக்குத் தொல்லை கொடுக்கும். டோ-இன் தப்பாக இருந்தாலும் இதே அலைச்சல்தான். இரண்டு முன் டயர்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிடப் பொதுவாக 0 முதல் 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இதற்கு முன்னால் டயர் காற்றைப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

பிறகு டேம்பர், அதாவது ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர். ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்சக்கரங்கள் கிடுகிடுவென ஆடத் தொடங்கி, வேகம் குறைந்தால்தான் அடங்கும் வண்டிக்குப் புது ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் ஆட்டம் நின்றுவிடும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். அதை அதட்டி உட்காரவைக்கிறதே தவிர, டேம்பர் எதையும் சரிசெய்வதில்லை. இரட்டை டேம்பர் போட்ட வண்டியை வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது

கையில் கொஞ்சம் காசு, வண்டி தினசரி ஓடியாக வேண்டும் என்றால்: மூட்டுகள் மொத்தமும், ஸ்பிரிங் புஷ்ஷும், அலைன்மெண்ட்டும். பாக்ஸைத் தொடாதீர்கள். மீதமிருக்கும் ஆட்டம் அனேகமாகப் புத்தக எல்லைக்குள் வந்துவிடும்.

வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், ஆறு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை என்றால் நக்கிளிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். பாக்ஸைக் கடைசியாக ரிப்பேருக்குக் கொடுங்கள். கீழே கெட்டியாக இருந்தால்தான் பாக்ஸ் உண்மையில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

பெரிய டயரும் உயர்த்திய சஸ்பென்ஷனுமாகக் காட்டுப்பாதையில் ஓட்டுகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் டிராக் லிங்க் முன்னும் பின்னுமாக ஓடுவதால், ஸ்பிரிங் மேலும் கீழும் போகும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். உயர்த்தினால் அது இன்னும் மோசமாகும். டிராக் லிங்க்கைக் குறுக்காக ஓடவிடும் கிராஸ்ஓவர் மாற்றம் அதற்குத்தான். செலவு அதிகம், வெட்டும் வெல்டும் வேண்டும், தேய்மானத்தைச் சரிசெய்ய இதைச் செய்வதில் அர்த்தமில்லை. உயர்த்தாத வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வேலை முடிந்தபின் வீல் கோணலாக நிற்க வாய்ப்புண்டு. வீலைத் தண்டிலிருந்து கழற்றி நேராக மாட்டிவிடுவது சுலபம், அதைத்தான் பலரும் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸ் அதன் நடு இடத்தில் இருக்காது, ஓரத்தில், இயல்பாகவே இடைவெளி உள்ள பற்களில் நிற்கும். புது பாக்ஸிலேயே ஆட்டம் தெரியும். உள்தண்டைக் கோடிக்குக் கோடி எண்ணி, சரிபாதியில் பாக்ஸை நிறுத்தி, வீலை நேராக மாட்டி, அதற்கப்புறம் டிராக் லிங்க்கின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சக்கரங்களை நேராக்குங்கள். கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்கும் முன் வீலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, அந்த நட்டுகள் ஸ்பிரிங்கிலோ சேசிஸிலோ உரசவில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.